தொடக்க வகுப்புகளுக்கும் ஆலோசகர் வேண்டும்

பள்ளியில் உளவியல் ஆலோசகர் என்றதும் பொதுத்தேர்வு அச்சமும் உயர்கல்வித் தெரிவுமே நம் நினைவுக்கு வருகின்றன. விதிமுறைகளும் அவ்வாறே எழுந்தன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் 2018ஆம் ஆண்டு இணைப்பு விதிகள், இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர் தேவை என்றன. 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில் 300க்கும் குறைவான மாணவர் இருப்பின், பகுதிநேர ஆலோசகர் போதும் என்றன. இந்தக் கணக்கில் தொடக்க வகுப்புக் குழந்தை இடம்பெறவில்லை.

ஆயினும், உதவி கேட்கத் தெரியாதவர்கள் சிறு குழந்தைகளே. 16 வயது மாணவி தன் மனக்கலக்கத்தைச் சொற்களில் சொல்லக்கூடும். 6 வயதுக் குழந்தை வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். மருத்துவர் நோய் எதுவும் இல்லை என்ற பின்னும் பள்ளி நாள்களில் மட்டும் வரும் அந்த வலியை நாம் பொய் என்று ஒதுக்கலாகாது.

பணிமாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்கள் இதை நன்கறியும். சென்னையில் இரண்டாம் வகுப்பு படித்த குழந்தை போபாலில் மூன்றாம் வகுப்பில் அமரும்போது, பாடநூலோடு விளையாட்டுத் திடலின் மொழியும் மாறிவிடுகிறது. அக்குழந்தையை ஓவியம், கதை, விளையாட்டு வாயிலாகப் பேசவைப்பதும், ஒரு தோழமையை அமைத்துத் தருவதும், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வழிகாட்டுவதும், கற்றல் குறைபாடு ஐயுறப்பட்டால் உரிய வல்லுநரிடம் அனுப்புவதும் ஆலோசகரின் பணி.

வகுப்பாசிரியரே இதைச் செய்யலாகாதா என்பர். அன்புள்ள ஆசிரியருக்கும் நாற்பது குழந்தைகள், முடிக்க வேண்டிய பாடங்கள். மதிப்பெண் இடுபவரும் கண்டிப்பவரும் அவரே. செலவு மிகும் என்பாருக்கும் விடை உண்டு: அருகருகே உள்ள சிறு பள்ளிகள் ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 ஆகிய தொலைபேசி எண்கள் பயனுள்ளவையே. எனினும், நாள்தோறும் பார்க்கும் முகத்துக்கு அவை ஈடாகா.

பள்ளியில் சேர்க்கும்போது கட்டணம், பேருந்து, கணினி அறை எனப் பலவும் விசாரிக்கிறோம். இனி இதையும் கேட்போம்: ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுடன் ஆலோசகர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார்? பெற்றோர் பலர் கேட்கத் தொடங்கினால், பள்ளிகள் விடை தேடியே ஆகவேண்டும்.