நஞ்சை ஏற்றுவதில் என்ன அவசரம்?

மாணவர்களே, குளவி கொட்டினால் நம்மில் பெரும்பாலோருக்கு வலியும் வீக்கமும்தான். சிலருக்கோ சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம். அவர்களுக்கான சிகிச்சை விந்தையானது. கொட்டிய பூச்சியின் நஞ்சையே மிக நுண்ணிய அளவில் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி ஊசி வழி செலுத்துவார்கள். வழக்கமான இலக்கு 100 மைக்ரோகிராம். ஒரு தேனீ ஒருமுறை கொட்டும்போது இறங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான்! பிறகு அதே அளவை 3 முதல் 5 ஆண்டுகள் வரை தொடர்வார்கள்.

அந்த 100-ஐ வாரம் ஓர் ஊசியாக மாதக்கணக்கில் எட்டலாம்; சில நாள்களிலும் எட்டலாம்; சில மணி நேரத்தில்கூட எட்டலாம். "இன்றே முடியுமென்றால் எதற்கு மூன்று மாதம்?" என்று என் படிவம் நான்கு மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவைப் பாருங்கள். அங்கே ‘ஜாக் ஜம்பர்’ எனும் துள்ளும் எறும்பு உண்டு. தீவு மக்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு அதன் நஞ்சு ஒவ்வாது. 2003-இல் வெளிவந்த ஆய்வொன்றில், மருத்துவக் கண்காணிப்பில் எறும்பை வேண்டுமென்றே கொட்டவிட்டார்கள். (துணிச்சல்தான்!) போலி மருந்து பெற்ற 29 பேரில் 21 பேருக்கு உடல் முழுவதும் எதிர்விளைவு. சிகிச்சை பெற்றவர்களுக்குக் கடுமையாக எதுவும் நேரவில்லை. ஆகவே, சிகிச்சை பலனளிக்கிறது. பின்னர் அதே நஞ்சை இரு வேகங்களில் ஏற்றி ஒப்பிட்டார்கள். விரைவாக ஏற்றியவர்களுக்கே எதிர்விளைவு அதிகம்.

காரணம் நீங்கள் ஊகிக்கக்கூடியதே. நஞ்சு, ஐஜிஇ எதிர்ப்பொருளில் ஒட்டியதும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. படிப்படியாக ஏற்றினால் அவை பழகிக்கொள்கின்றன. விரைந்தால் பழகுமுன்பே பொங்கிவிடலாம்.

அதற்காக விரைவு முறையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். குளவி நஞ்சைவிடத் தேனீ நஞ்சுக்கே சிகிச்சையின்போது எதிர்விளைவு அதிகம். ஆகவே, ஓர் எறும்பில் கண்டதை எல்லாப் பூச்சிகளுக்கும் பொருத்த முடியாது. தவிர, காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. தேனீ வளர்ப்பவரையோ தோட்டத் தொழிலாளியையோ நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு கிடைக்குமுன் அடுத்த கொட்டு விழுந்துவிடலாம். அவர்களுக்கு வேகம் நியாயமானது. பள்ளி விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்பது மட்டுமே காரணமென்றால், நான் மெதுவான முறையையே கேட்பேன்.

எந்த வேகமானாலும், ஊசிக்குப் பின் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவை இல்லாத இடத்தில் மெதுவான முறைக்கும் என் சம்மதம் இல்லை.