வைசாக்கும் என் எக்ஸெல் ஷீட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டிருந்த விஷயம். ஆணி ஜாஸ்தியா இருந்ததால தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. இது பயணக் கட்டுரை இல்லை மக்களே. வைசாக்ல எங்க தங்கலாம், எங்க சாப்பிடலாம்னு தேடி வந்தவங்க மன்னிக்கணும். அப்பா அம்மாவை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போற என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். நடுவுல கொஞ்சம் புலம்பலும் உண்டு.

வேண்டுகோளை முதல்லயே சொல்லிடறேன். குடும்பத்தோட போற ஊரை தயவுசெஞ்சு 'கவர்' பண்ணாதீங்க.

இப்போ கொசுவத்தி.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல பஸ் டிப்போவுல டீசல் மெக்கானிக். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. இஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டே ஒரு காது மந்தம். அம்மாவுக்கு முழங்கால் வலி. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி இந்த மூணைத் தவிர வேற எதுக்கும் ரெண்டு பேரும் ஊரை விட்டுக் கிளம்பினதில்லை. தங்கமணிதான் ஆரம்பிச்சு வெச்சாங்க. "அத்தை மாமாவைக் கூட்டிட்டு கடல் இருக்கற ஊரா ஒண்ணு போயிட்டு வரலாமே." மலையும் கடலும் ஒண்ணா இருக்கற ஊர், சென்னையிலேர்ந்து ஒரே ரயில். விசாகப்பட்டினம்னு முடிவாச்சு.

நான் சும்மா இருப்பேனா? பொட்டி தட்டற புத்தி. உடனே எக்ஸெல்லைத் தொறந்தேன். மூணு நாள், பன்னெண்டு இடம். போற நேரம், கிளம்பற நேரம், தூரம், டிக்கெட், வார விடுமுறைன்னு தனித்தனியா கட்டம். பாத்து முடிச்ச இடத்துக்குப் பச்சைக் கலர் அடிக்கணும். ஆபீஸ்ல டெலிவரிக்குக்கூட நான் இப்படி ப்ளான் போட்டதில்லை.

சனிக்கிழமை காலையில சிம்மாசலம். வராக லட்சுமி நரசிம்மர். வருஷம் முழுக்க சந்தனக் காப்புலதான் இருப்பார், அட்சய திருதியை அன்னிக்கு மட்டும்தான் நிஜ ரூபம் பாக்கலாம். முதல் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டுகூட அங்க இருக்கு, 1098-99ஆம் வருஷத்தது. அம்மா பிரகாரத்துல கொஞ்சம் உக்காரணும்னு சொன்னாங்க. "அஞ்சு நிமிஷம்மா"ன்னேன். அப்புறம் கைலாசகிரி. மேலேர்ந்து பாத்தா கடற்கரை வளைஞ்சு போறது அப்படி ஒரு அழகு. அங்கேயும் நாலு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பியாச்சு. பச்சை, பச்சை.

சாயந்திரம் ராமகிருஷ்ணா பீச். அங்கதான் ஐ.என்.எஸ். குர்சுரா நிக்குது. சோவியத் யூனியன்ல கட்டின நீர்மூழ்கிக் கப்பல், நீளம் 91 மீட்டர். 1969 டிசம்பர்ல நம்ம கடற்படைக்கு வந்து, 1971 போரைப் பாத்து, 2001 பிப்ரவரியில ஓய்வு வாங்கிச்சு. அப்புறம் அதைக் கரைக்கு இழுத்துட்டு வந்து 2002ல மியூசியமா ஆக்கிட்டாங்க. உள்ளே சுத்திக் காட்டறவங்க கடற்படையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க.

உள்ளே ஒரு அறையிலேர்ந்து அடுத்த அறைக்குப் போக வட்டமா ஒரு ஓட்டைதான். குனிஞ்சு, காலைத் தூக்கி வெச்சு, பூந்து போகணும். எழுபது எண்பது பேர் மாசக்கணக்குல இதுக்குள்ளதான் தின்னு தூங்கி வேலை பாத்திருக்காங்க. எனக்கு பத்து நிமிஷத்துலயே மூச்சு முட்டிச்சு.

இஞ்சின் இருக்கற எடத்துக்கு வந்ததும் அப்பா நின்னுட்டார்.

மூணு டீசல் இஞ்சின். தண்ணிக்கு மேல இருக்கும்போது இதை ஓட்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்திக்கணும். உள்ளே முங்கினதுக்கு அப்புறம் காத்து கிடையாது, டீசல் ஓட்ட முடியாது. பேட்டரியிலதான் மோட்டார் சுத்தும். இதை அந்த ரிட்டயர்டு நேவிக்காரர் சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பா கேள்வியை ஆரம்பிச்சுட்டார். புகை எங்க போகும்? சூட்டை எப்படித் தணிப்பீங்க? நடுக்கடல்ல இஞ்சின் மக்கர் பண்ணினா என்ன செய்வீங்க? அப்பா பேசினது தமிழும் டிப்போ இங்கிலீஷும். அவர் பதில் சொன்னது தெலுங்கும் இந்தியும். ரெண்டு பேருக்கும் எல்லாம் புரிஞ்சுது. அவர் ஒரு குழாயைத் தொட்டுக் காட்டினா அப்பா அடுத்த குழாயைக் காட்டி "அப்போ இது?"ங்கறார். அப்பா முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் கல்யாணத்துல கூடப் பாக்கலை.

நான் என்ன பண்ணினேன்? மணியைப் பாத்தேன். அடுத்தது எதிர்லயே விமான மியூசியம், கடற்படையோட டி.யூ. 142 விமானம். "அப்பா, போதும்பா. மூடிடுவாங்க, வாங்க."

அப்பா உடனே வந்துட்டார். நம்ம அப்பாக்கள் அப்படித்தான், பையன் காசுல வந்திருக்கோம்ங்கற கூச்சம் உள்ளுக்குள்ள இருந்துட்டே இருக்கும். விமானத்தைப் பாத்தோம். பச்சை.

ஞாயிற்றுக்கிழமை அரக்கு ரயில். இரும்புத்தாது கொண்டு வர்றதுக்காக 1960கள்ல மலையைக் குடைஞ்சு போட்ட பாதை. குகைக்குள்ள நுழையறதும் வெளியே வர்றதுமா அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். போரா குகையில இறங்கினோம். சுண்ணாம்புக்கல் குகை, உள்ளே நெறைய படி. பாதியில அம்மாவுக்குக் கால் மடங்கலை. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் பையைப் பாத்துக்கறேன்"னு படியிலயே உக்காந்துட்டாங்க. நாங்களும் போயிட்டோம். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து மொபைல்ல போட்டோ காட்டினேன். "நல்லாருக்குப்பா"ன்னாங்க. அந்த எடத்துக்கும் பச்சை அடிச்சேன். இப்போ நெனச்சா வெக்கமா இருக்கு.

திங்கக்கிழமை காலையில டிபன் சாப்பிடும்போது அப்பா மெதுவா கேட்டார்.

"ஏம்ப்பா, இன்னிக்கு ராத்திரிதான ரயிலு? அந்தக் கப்பலை இன்னொரு தரம் பாக்க முடியுமா?"

திங்கக்கிழமை மியூசியம் லீவு. என் ஷீட்லயே எழுதியிருக்கேன். அதனாலதான் சனிக்கிழமையில போட்டு வெச்சேன்.

சொன்னேன். "பரவால்லப்பா, சும்மா கேட்டேன்"னுட்டு இட்லியைப் பாத்துட்டார். அன்னிக்கு ருஷிகொண்டா, தொட்லகொண்டா, பீமிலி எல்லாம் போனோம். எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

புலம்பல் முடிஞ்சுது. இனி கருத்து.

"மறுபடி எப்போ வரப் போறோம், வந்ததுக்கு எல்லாத்தையும் பாத்துடணும்" - நாம எல்லாரும் சொல்ற டயலாக் இது. நானும் அதைச் சொல்லித்தான் விரட்டினேன். யோசிச்சா இது தலைகீழ். மறுபடி வர மாட்டோம்னா, பிடிச்ச எடத்துல அதிக நேரம் நிக்கறதுதானே நியாயம்? பன்னெண்டு எடத்தையும் பாத்துட்டேன்னு சொல்லிக்கற சந்தோஷம் ப்ளான் போட்டவனுக்கு மட்டும்தான். கூட வந்தவங்களுக்கு அது வேன்ல ஏறி இறங்கற வேலை.

ரெண்டாவது, காசு குடுக்கறவன்தான் ப்ளான் போடணும்ங்கற நெனப்பு. சின்ன வயசுல அப்பா கையப் புடிச்சுட்டுப் போனோம், இப்போ அவங்க நம்ம கையப் புடிச்சுட்டு வர்றாங்க. அன்னிக்கு பொருட்காட்சியில ராட்டினத்தைப் பாத்து நான் அழிச்சாட்டியம் பண்ணினா அப்பா நின்னார். இவங்க அழிச்சாட்டியம் பண்ண மாட்டாங்க. ஒரே ஒரு தடவை மெதுவா கேப்பாங்க, அதுவும் லீவு நாளாப் பாத்து.

அதனால நான் கத்துக்கிட்டது மூணே மூணு. ஒரு நாளைக்கு ஒரு எடம் போதும், மிச்ச நேரம் கடற்கரையில சும்மா உக்காரலாம். படி, ஏத்தம் இருக்கற எடத்துக்கு ஒருத்தரால முடியலைன்னா யாரும் போக வேண்டாம். கடைசி நாளைக் காலியா விட்டு, பிடிச்ச எடத்துக்கு இன்னொரு தரம் போகணும். அந்தக் கடைசி நாள் எங்கேயும் லீவு நாளா இருக்கக் கூடாது!

போன மாசம் ஊருக்குப் பேசினப்போ அம்மா சொன்னாங்க. "டீக்கடையில போறவன் வர்றவன்கிட்டல்லாம் அந்தக் கப்பலைப் பத்தித்தான் பேசிட்டிருக்காரு. தண்ணிக்குள்ள டீசல் வண்டி எப்படி ஓடும்னு பாடம் வேற."

அப்பாகிட்ட போனைக் குடுக்கச் சொல்லி, பொங்கல் லீவுல மறுபடி வைசாக் போலாமான்னு கேட்டேன். "எதுக்குப்பா வீண் செலவு? அதான் பாத்தாச்சுல்ல"ன்னுட்டார்.

எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். ஒத்துக்கவே மாட்டேங்கறார்.

டிஸ்கி: தங்கமணி இதைப் படிச்சுட்டு, "நானும்தான் பீச்ல இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு சொன்னேன், அதை எழுதவே இல்லையே"ன்னு கேக்கறாங்க. எழுதிட்டேன் தாயே.