ஸ்லாவ் மக்களை யார் வாயால் அறிவது?

ருஷ்யா, உக்ரைன், போலந்து, செக், செர்பியா என்ற பெயர்கள் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகின்றன. 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்து பெரும் போர் மூண்ட பிறகு, திருத்தணி டீக்கடைப் பெஞ்சுவரை இப்பெயர்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த மக்கள் யார்? எப்படி உழைத்தார்கள்? எப்படி அடிமைப்பட்டார்கள்? எப்படி எழுந்தார்கள்? பீரங்கிச் செய்தி இதைச் சொல்லாது. அவர்களே எழுதிய புத்தகமும் அவர்களே எடுத்த சினிமாப் படமும்தான் சொல்லும்.

"கூலி உயர்வுக்கே மல்லுக்கட்டும் நமக்கு ஸ்லாவ் சரித்திரம் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லுவோம்.

ஸ்லாவ் என்பது ஒரு நாட்டின் பெயரல்ல. உறவுள்ள மொழிகளைப் பேசும் பல மக்களின் பொதுப்பெயர். அவர்களில் ஒருவன், ட்வேர் நகரத்து வியாபாரி அபனாசி நிகிதின், 15-ஆம் நூற்றாண்டிலேயே நம் நாட்டுக்கு வந்தான். பீதாரில் தங்கினான். பிரபுக்கள் வெள்ளிப் பல்லக்கில் போவதையும், கிராமத்து ஜனங்கள் வறுமையில் வாடுவதையும் கண்டு எழுதி வைத்தான். 'பர்வதம்' என்ற தலத்தின் திருவிழாவையும் பார்த்தான். அது ஸ்ரீசைலம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. யாத்திரிகர்கள் தலைமுடி இறக்குவதை மட்டுமல்ல, தலைக்கு இவ்வளவு என்று அவர்களிடம் வரி பிடுங்குவதையும் குறித்தான். தணிகை மலையில் முடி இறக்கும் கூட்டத்தை ஆண்டுதோறும் பார்க்கும் நமக்கு இந்த ருஷ்யன் அந்நியனா? அவன் கதையை 1957-ல் கே. ஏ. அப்பாசும் வசீலி புரோனினும் 'பர்தேசி' என்று படமாக எடுத்தார்கள். இந்திய-சோவியத் கூட்டுத் தயாரிப்பான அந்தப் படத்தில் நம் பத்மினியும் நடித்தார்.

திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்தார். அது சர்க்காருக்கும் சர்க்காருக்கும் உள்ள உறவு. உழைப்பாளிக்கும் உழைப்பாளிக்கும் உள்ள உறவைப் புத்தகம் உண்டாக்கியது.

உக்ரைன் மகாகவி ஷெவ்சென்கோவைப் பாருங்கள். 1814-ல் பண்ணையடிமையின் மகனாகப் பிறந்தவர். ஓவியர் பிரியுல்லோவ் தீட்டிய ஒரு படத்தைக் குலுக்கல் சீட்டில் விட்டுத் திரட்டிய 2,500 ரூபிளைக் கொடுத்து, 1838-ல் அவரைப் பண்ணையாரிடமிருந்து மீட்டார்கள். கவி பாடியதற்காக 1847-ல் ஜார் அவரை நாடு கடத்தினான். எழுதவும் கூடாது, வரையவும் கூடாது என்று கட்டளையிட்டான். அவர் மறைந்த 1861-ல்தான் ஜார் சாம்ராஜ்யத்தில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஒழித்த பிறகும், நிலத்துக்கு 49 ஆண்டுத் தவணை கட்டும்படி விவசாயியின் கழுத்தில் கடனைக் கட்டினார்கள். பண்ணையாள் முறையின் கொடுமையை அனுபவித்த தஞ்சைத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ஆலைத் தொழிலாளிக்கு மாக்சிம் கார்க்கியின் 'தாய்' இருக்கிறது. 1902-ல் சோர்மோவோவில் நடந்த மே தின ஊர்வலமும், அதில் கைதான தொழிலாளி பியோத்தர் சலோமவும், அவன் தாய் அன்னாவும் அந்த நாவலுக்கு வித்து. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகனின் தோழர்களோடு பழகிப் பழகிப் போராளியாகிறாள். தொ. மு. சி. ரகுநாதன் அதைத் தமிழில் தந்தார். புதோவ்கின் 1926-ல் அதைப் படமாக்கினார்; 1951-ல் அவரே இந்தியாவுக்கு வந்தார்.

செக் நாட்டின் ஜூலியஸ் பூசிக் நாஜிச் சிறையில் துண்டுத் தாள்களில் எழுதியதைச் சிறைக் காவலன் ஒருவனே வெளியே கடத்திக் கொண்டுவந்தான். 1943-ல் அவரைக் கொன்றார்கள். 'தூக்குமேடைக் குறிப்பு' உயிரோடிருக்கிறது.

ஒரு காலத்தில் இப்புத்தகங்கள் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, ஏழையும் வாங்கக்கூடிய விலையில் வந்தன. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்த பிறகு அந்த வரத்து நின்றது. 1951-ல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிலையமும் பிறரும் சிலவற்றை மறுபதிப்பாகத் தந்திருக்கிறார்கள். ஆனால் படிக்கும் பழக்கத்தை யாரும் மறுபதிப்புப் போட்டுத் தர முடியாது. அது நம் கையில் இருக்கிறது.

இதை இப்போது ஏன் வற்புறுத்துகிறோம்? ருஷ்ய மொழியும் உக்ரைன் மொழியும் உடன்பிறந்தவை. இருந்தும், 1876-ல் உக்ரைன் மொழியில் புத்தகம் அச்சிடுவதை ஜார் தடை செய்தான். மொழியை நசுக்கியவன் அரண்மனையில் இருந்தான்; ருஷ்ய உழவன் அல்ல. இந்த வேறுபாடு தெரியாதவன், ஒரு சர்க்காரின் குற்றத்துக்காக ஒரு மக்களையே வெறுப்பான். எல்லைத் தகராறு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் எவ்வளவு கிளர்ச்சி, எவ்வளவு மனக்கசப்பு! எல்லைக்கல் இடம் மாறியது. ஆனால் தறியடியிலும் கரும்புக் கொல்லையிலும் தமிழ் பேசுகிறவனும் தெலுங்கு பேசுகிறவனும் வாங்கியது ஒரே அரைவயிற்றுக் கூலிதான்.

ஆகவே தோழர்களே, வேலையைத் தொடங்குவோம். சங்கக் கட்டிடத்தில் மாதம் ஒரு புத்தகம். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும். தெலுங்குத் தோழர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். மாதம் ஒரு நாள் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேச்சு. பெண்கள் வந்து உட்கார வசதியான நேரமாகப் பார்த்து வையுங்கள். முதல் புத்தகம் 'தாய்' ஆகட்டும். இரண்டாவது மாதம் ஷெவ்சென்கோவின் வாழ்க்கையைப் பேசுங்கள்.

போர்ச் செய்தியில் எண்ணிக்கையாக மட்டும் வரும் மனிதர்களுக்கு அப்போது பெயரும் முகமும் உண்டாகும். அந்த முகம் நம் முகத்தைப் போலவே இருப்பதை நம் தோழர்கள் கண்டுகொள்வார்கள்.