கேட்கப் பழகும் படிப்பு

உளவியல் பட்டப் படிப்பைத் தொலைதூரக் கல்வியாகவோ இணையவழியாகவோ இனி நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் தடை விதித்தபோது, வேலையை விடாமலே விடுமுறை நாட்களில் படித்து ஆலோசகராகிவிடலாம் என்று எண்ணியிருந்த பள்ளி ஆசிரியைகளும் செவிலியரும் மனம் நொந்திருப்பார்கள். அவர்கள்பால் எனக்கு அநுதாபம் உண்டு, ஆயினும் தடை நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆனால், தபாலில் போய்க்கொண்டிருந்த பாடத்தை வகுப்பறையில் நின்று வாசித்துவிடுவதாலேயே ஓர் ஆலோசகர் உருவாகிவிடுவார் என்று நினைப்போமானால், ஒரு பிரமையை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொண்டவர்களாவோம்.

ஆலோசனை உளவியலில் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் என் சிநேகிதி ஒருவர், சென்ற மாதம் பயிற்சி நோட்டு ஒன்றை எனக்குக் காட்டினார். மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் குறையைச் சொல்ல மற்றவர் கேட்பதாக ஒத்திகை நடத்தி, பேசியதைப் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுதிவர வேண்டும். "வீட்டுக்குப் போகவே பிடிக்கல, வாசப்படிய மிதிச்சதும் நெஞ்ச அடைக்குது" என்கிறாள் ஒருத்தி. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும். பெரியவங்ககிட்ட மனசு விட்டுப் பேசிப் பாருங்களேன்" என்கிறாள், கேட்க உட்கார்ந்தவள். அந்த வரியின் கீழே சிவப்பு மையில், 'வாசற்படிக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயா?' என்று எழுதியிருந்தார் என் சிநேகிதி. மாமன், மாமி, மூத்த ஓரகத்தி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று புத்திமதியை இலவசமாக வழங்க ஆயிரம் பேர் இருக்கையில், காசு கொடுத்து ஒருவரிடம் வருகிறவர் தேடுவது அதையன்று. இத்தொழிலுக்கு 'ஆலோசனை' என்று பெயரிட்டதே பாதி அநர்த்தத்துக்குக் காரணமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த நோட்டு முறை புதிதன்று. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த கார்ல் ராஜர்ஸ், இத்தகைய சம்பாஷணைகளைக் கிராமபோன் தட்டுகளில் பதிவு செய்து, ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் 1942-இல் வெளியான தம் நூலில் முழுமையாக அச்சிட்டார். வருகிறவரைத் தம் போக்குக்கு இழுக்கவில்லை என்று நம்பியிருந்த மாணவர்கள், தம் குரலையே தட்டில் கேட்ட பிறகுதான், தாம் எவ்வளவு கட்டளையிடுகிறோம் என்பதை உணர்ந்தனர்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'நெஞ்ச அடைக்குது' என்ற சொல் மறைந்து, ஆங்கில எழுத்தில் 'ஆங்ஸைட்டி' என்று ஒற்றைச் சொல்லாகியிருந்தது. பாடநூலும் பரீட்சையும் ஆங்கிலத்தில். வருகிறவரின் துக்கமோ தமிழில். 'மனசு சரியில்ல' என்பவருக்கும் 'மனசு விட்டுப்போச்சு' என்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த ஆங்கிலப் பாடநூல் சொல்லித் தரும்? பின்னவரிடம், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அப்போதே, தயங்காமல், கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை நடுங்காமல் தமிழில் கேட்பதற்கு நாவும் பழக வேண்டும்.

மருத்துவ உளவியலாளர்களை, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு செய்கிறது. ஆலோசகருக்கோ, துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் நிறைவேறும் வரையில், வாசலில் பலகை மாட்டுவதற்குத் தச்சரைத் தவிர வேறு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. சுகாதாரத் தொழிலர் என்னும் தகுதிக்கான பட்டம் 3600 மணி நேரத்துக்குக் குறையலாகாது என்கிறது அச்சட்டம். அவற்றில் எத்தனை மணி, தேர்ந்த ஒருவர் அருகிலிருந்து கேட்டுத் திருத்தும் மணியாக இருக்கும் என்பதே என் கேள்வி. மாணவர் ஒருவருக்கு வாரம் ஒரு மணி, தனியாக, தமிழில் என்று விதித்தாலொழிய மற்ற மணிகளால் அதிகப் பிரயோஜனமில்லை.

என் சிநேகிதியின் வகுப்பில் நாற்பது பேர். சிவப்பு மை பிடிக்கும் கை ஒன்றுதான். மிச்ச முப்பத்தொன்பது நோட்டுகளும் துணிப்பையில் இருந்தன. ராத்திரி சமையல் முடிந்த பின் பார்ப்பதாகச் சொல்லி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.