பொத்தானும் பிள்ளைக் கையும்

மக்கட்பேற்றினை இல்லறத்தின் அணியெனப் போற்றும் நம்மனோருள், அம்மகவு எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னர்த் தம் வீட்டு டெலிவிஷன் பெட்டியின் கதி யாதாகும் என முன்னரே எண்ணிப் பார்ப்பார் சிலரே. பதினான்கு பதினைந்து திங்கள் நிரம்பிய குழந்தை, கைக்கெட்டிய பொத்தான் எதுவாயினும் அதனை அழுத்தாது விடாது. ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷின் இடையில் நிற்கும். தந்தையார் கணக்கெழுதும் கம்ப்யூட்டர் திடுமென இருளும். உடனே ஓர் அதட்டல், அதன்பின் பிஞ்சுக் கையின்மேல் ஓர் அடி, பின்னர் அழுகை. இது நாள்தோறும் எத்தனையோ இல்லங்களில் நிகழ்கின்றது. இதன்கண் குற்றம் யாருடையது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. குழந்தையினுடையது அன்று என்பது எம் துணிபு.

நம் புலவர் இக்குறும்பினை நன்கறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பவை சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்று. சிறுமியர் மணலால் அரிதின் முயன்று கட்டிய சிறு வீட்டைப் பிள்ளை காலால் அழிக்க வருவதும், அழியாதிருக்குமாறு அவர்கள் இரந்து வேண்டுவதும் சிற்றிற் பருவத்தின் பொருள். சிதைத்தலையும், ஓசை எழுப்பலையும், உருட்டி ஓட்டலையும் பாட்டுடைத் தலைவனுக்குப் பெருமையாகப் பாடிய மொழி நம்முடையது. அச்சிறுமியர் அவனை அடித்தாரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. மணல்வீடாயின் மீண்டும் கட்டலாம், ஐம்பதினாயிரம் ரூபாய்ப் பெட்டியை என் செய்வது என வினவுவார்க்கு விடை பின்னர்க் கூறுவாம்.

குழந்தை ஏன் அழுத்துகின்றது? ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே தம் மக்கள் மூவரையும் கூர்ந்து நோக்கி, அந்நோக்கின் பயனை 1936-இல் நூலாக வெளியிட்டார். ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையுள்ள குழந்தை, ஒரு செயலையே சிறிது சிறிது மாற்றிச் செய்து, ஒவ்வொரு முறையும் என்ன விளைகின்றது எனக் காணும் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அமெரிக்க அறிஞர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ இன்னும் சுவையுடையது. பதினான்கு திங்கட் குழந்தைகளின் முன்னர் ஒருவர் குனிந்து, ஒரு பெட்டியின் மேற்புறத்தைத் தம் நெற்றியால் தொட்டார்; பெட்டியில் விளக்கெரிந்தது. அப்பொழுது குழந்தைகளை அதனைத் தொடவிடவில்லை. ஒரு வாரம் கழித்து அப்பெட்டியைக் கொடுத்தபொழுது, பல குழந்தைகள் தாமும் நெற்றியால் முட்டின! ஒருநாட் கண்டதை ஒரு வாரம் நினைவில் வைத்திருக்கும் பிள்ளை, நாம் ஓயாது ரிமோட்டை அழுத்தக் கண்டும் வாளா இருக்குமோ? மேலும், பண்டை இல்லப்பொருள்கள் உழைப்புக்கேற்ற பயனையே தந்தன. உரலைப் பிள்ளை தொட்டால் உரல் அசையாது. இக்காலப் பொருளோ இறகுபோன்ற தொடுகைக்கும் ஒளிவிட்டு ஒலியெழுப்பி மறுமொழி கூறுகின்றது. அதனை விடுத்து வாய் பேசாத மரப்பாச்சியை விரும்புதல் பெரியோர்க்கே அரிது.

ஐ.பி.எம். நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 4341 என்னும் பெருங் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரலாறு அத்தொழிலாரிடை வழங்குகின்றது. மின்னோட்டத்தை ஒரேயடியாக நிறுத்தும் அதன் பெரிய சிவப்பு விசையை, புரோகிராம் எழுதும் ஒருவரின் சிறு மகள் ஒரே நாளில் இருமுறை தட்டிவிட்டாளாம். அதன்மேல், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி ஒன்று செய்து அவ்விசைக்கு மாட்டினர். அவள் பெயராலேயே அத்தகைய காப்பு இன்றளவும் ‘மாலி-கார்ட்’ எனப்படுகின்றது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் அப்பெயர் பூண்ட சிறு புரோகிராம் ஒன்றும் உளது. தொலைவிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தப் புகுவாரை அக்கம்ப்யூட்டரின் பெயரை எழுதுமாறு அது கேட்கும். பிழைபட எழுதின் நிறுத்தாது. குழந்தைக்கென எழுந்த காப்பு, முற்றக் கற்ற பொறிஞர்க்கும் வேண்டப்படுவதாயிற்று. அவர்களை எவரும் கையில் அடித்ததாகக் கேட்டிலம்.

இனி, பெட்டியை என் செய்வது என்ற வினாவிற்கு வருவாம். வாஷிங் மெஷினிலும் இண்டக்ஷன் அடுப்பிலும் பெரும்பாலும் ஒரு பூட்டுப்பொத்தான் உண்டு. அதனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஏனைய பொத்தான்கள் செயலற்றுப்போம். உடன்வந்த விளக்கப் புத்தகத்தை எவரும் பிரியாமையின், அப்பூட்டு உளதென்பதே பலருக்குத் தெரியாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில், பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நிகழாதவாறு அமைத்துக்கொள்ளலாம். ஆயினும் சில விநாடி தொடர்ந்து அழுத்தின் அணைந்தே போகும், ஆதலின் பெட்டியை உயரத்தில் ஏற்றுதலே நன்று. ரவுட்டர் செய்வோர் பலர், அதன் அமைப்பை அழிக்கும் பொத்தானைக் குண்டூசி புகும் துளையினுள் ஒளித்து வைத்திருப்பது காண்க. ஏனைப் பொருள்களைச் செய்வோர்க்கு இவ்வறிவு ஏன் தோன்றவில்லையோ, யாம் அறியேம்.

பிள்ளைக்கும் அழுத்துதற்கென ஒன்று வேண்டும். எம் தமக்கையார் பழைய ஸ்விட்ச் பலகை ஒன்றைக் கம்பி யாவும் நீக்கித் தம் மகனுக்குக் கொடுத்தார். விளக்கெரியாத பலகையின்மேல் அவன் பற்று நான்கு நாளே நின்றது. பின்னர், மாலைதோறும் விளக்கிடும் வேளையில் அவனைத் தூக்கிப் பிடித்துக் கூடத்து ஸ்விட்சை அவனே அழுத்துமாறு விட்டனர்; அஃது இன்றும் பயன்படுகின்றது. கண்டியாது வளர்த்தால் பிள்ளை கெடும் என்பாரும் உளர். இது தொடத்தக்கது, இது தகாதது எனப் பகுத்துணரும் அகவை வந்த பின்னர்க் கண்டிக்கட்டும்.

இதுகாறும் பிள்ளையால் பொருளுக்கு வரும் கேட்டையே பேசினோம். பொருளால் பிள்ளைக்கு வரும் கேட்டினை நம்மவர் நோக்கும் முறையே எமக்குப் பெருவருத்தம் தருவது. டெலிவிஷன் அணைந்தால் வீடே கூக்குரலிடும். பின்மூடி கழன்ற ரிமோட் தரையிற் கிடந்தால் ஒருவரும் திரும்பிப் பாரார். மெல்லிய ரிமோட், காரின் சாவி, சமையலறைத் தராசு, பாடும் வாழ்த்து அட்டை ஆகியவற்றுள் காசு வடிவான பாட்டரி இருத்தல் கூடும். 2032 என்னும் வகை 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட் அழுத்தமும் உடையது. குழந்தை அதனை விழுங்கின், உணவுக்குழலில் தடைப்பட்டு நிற்கும். ஈரத் தசையின் வழியே மின்னோட்டம் சென்று, அவ்விடத்தே கடுங்காரம் தோன்றித் தசையை அரிக்கும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே பெரும்புண் உண்டாகலாம், உயிர்க்கேடும் நேர்ந்துள்ளது. கருவியை இயக்கமாட்டாது ஓய்ந்த பாட்டரியும் இதனைச் செய்யவல்லது. இருமல், உமிழ்நீர் ஒழுகல், உணவு மறுத்தல் என்பன அன்றி வேறு குறி தோன்றாமலும் போகலாம். ஐயுற்ற அளவிலேயே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வாந்தி எடுப்பித்தல் கூடாது. ஓராண்டு கடந்த குழந்தையாயின், செல்லும் வழியில் பத்து நிமிடத்திற்கொரு முறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் என்பர் மருத்துவர். தேன் தேடி நேரம் போக்கலாகாது.

சுவரிலுள்ள பிளக் துளைகளில் ஓடுவது 230 வோல்ட். பிளக்கின் நீண்ட முனை புகுந்த பின்னரே ஏனைய இரு துளைகளின் உள்மூடி திறக்கும் வகையினை வாங்குதல் நன்று. பிரிட்டன் 1947-இலேயே இதனைத் தன் தர விதியில் வகுத்துவிட்டது.

அமெரிக்காவில் 2022-இல் இயற்றிய சட்டத்தின் வழி, காசு பாட்டரி இடும் அறையை ஒரு கருவியாலன்றி, அல்லது ஒரே நேரத்தில் இருவேறு கைச்செய்கைகளாலன்றித் திறக்கலாகாது என விதித்துள்ளனர். பொருளின் நிறத்தையும் விலையையும் பலகால் வினவும் நாம், பாட்டரி மூடிக்குத் திருகாணி உண்டா எனக் கடைக்காரரை ஒருகாலேனும் வினவியதுண்டா? வீட்டில் ஏற்கனவே உள்ளவற்றிற்கு, அகன்ற ஒட்டு நாடாவால் மூடியை இறுகச் சுற்றிவிட ஐந்து நிமிடம் போதும். கழற்றிய பழைய பாட்டரியை மேசைமேல் வையாது, அப்பொழுதே அந்நாடாவில் பொதிந்து அப்புறப்படுத்துக.