சத்தம் குதிரைத்திறன் அல்ல

டர்போ என்ஜின் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவருக்கு முதல் சர்வீஸுக்கு முன்பே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது: "கம்பெனி சைலன்சரைக் கழற்றிப் போட்டுட்டு நல்ல எக்ஸாஸ்ட் ஒண்ணு மாட்டுங்க. வண்டி நல்லா மூச்சு விடும். சத்தமும் வரும், பவரும் வரும்." சத்தம் என்றாலே சக்தி, சத்தம் குறைந்த கார் பலம் குறைந்த கார் என்பதுதான் இந்தப் பேச்சின் அடிநாதம். உலகெங்கும் பரவியிருக்கும் இந்த நம்பிக்கை பொய். டர்போ கார்களைப் பொறுத்தவரை, பல சமயம் உண்மைக்கு நேர் எதிரானது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். டர்போ இல்லாத என்ஜின்களில் எக்ஸாஸ்ட் குழாயின் நீளமும் விட்டமும் நிஜமாகவே சக்தியைப் பாதிக்கும். ஒரு சிலிண்டரிலிருந்து பாயும் வாயு தனக்குப் பின்னால் தாழ்வழுத்தத்தை விட்டுச்செல்கிறது. குழாய்களைச் சரியான இடத்தில் இணைத்தால் அந்தத் தாழ்வழுத்தமே அடுத்த சிலிண்டரின் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும். பந்தய மெக்கானிக்குகள் இதற்காகத்தான் குழாய்களை அளந்து வளைத்தார்கள். சத்தம் கூடவே வந்தது.

டர்போவில் இந்தக் கணக்கு செல்லாது. வால்வைத் தாண்டி வரும் வாயுவை, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடிய ஒரு டர்பைன் சக்கரம் மறித்து நிற்கிறது. வாயுவின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கம்ப்ரஸரை அது சுழற்றுகிறது. துடித்துத் துடித்து வந்த ஓட்டம், டர்பைனைக் கடக்கும்போது பெருமளவு சமனாகிவிடுகிறது. டர்போ கார் அடங்கி ஒலிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். முன்பு குழாய் வழியே வீணாய்ப் போனதில் ஒரு பங்கு இப்போது வேலை செய்கிறது. அதைக் குறை என்று சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் லாபம்தானே என்று கேட்பார்கள். லாபம்தான். ஆனால் அந்த லாபம் பெரும்பாலும் டர்போவை ஒட்டிய டவுன்பைப்பிலும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது, காரின் வாலில் தொங்கும் சைலன்சரில் அல்ல. தவிர, இன்றைய டர்போ என்ஜினில் எவ்வளவு முறுக்குவிசை வர வேண்டும் என்பதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. வழி சற்றுத் திறந்தால் டர்பைனைச் சுற்றி வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை அது சற்று முன்னதாகத் திறந்து, பழைய இலக்கிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடும். ஈ.சி.யு.வின் மென்பொருளை மாற்றி எழுதாமல், அதாவது ரீமேப் செய்யாமல், சைலன்சரை மட்டும் மாற்றியவருக்குக் கிடைப்பது, பெரும்பாலான கார்களில், சக்தியை அளக்கும் கருவியான டைனோவின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் சொற்பம். காதுக்குப் புதிதாகக் கேட்பதை உடம்பு வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது.

சத்தத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். எக்ஸாஸ்ட் வாயிலிருந்து ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்பது காதைப் பொத்த வைக்கும் இரைச்சல். அந்த இரைச்சலாக வெளியேறும் மொத்த ஆற்றல் ஏறக்குறைய ஒரு வாட்தான். ஒரு குதிரைத்திறன் 746 வாட்.

இந்த நம்பிக்கை மனிதரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு சுபாரு கார்களே சாட்சி. பழைய இம்ப்ரெஸா டர்போவின் 'கடகட' முழக்கத்துக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்களின் வாயுவையும் ஒரே டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்கள் சம நீளத்தில் இல்லாததால் பிறந்த முழக்கம் அது. துடிப்புகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. சம நீளக் குழாய்களும் இரட்டை வழி டர்போவும் வந்தபோது டர்போ சீக்கிரம் விழித்துக்கொண்டது, கீழ்ச் சுற்றுகளிலேயே இழுவை கூடியது. முழக்கம் மட்டும் போய்விட்டது. 2014-இல் வந்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். அப்படிப்பட்ட கார். அதை வாங்கியவர்களில் சிலர் என்ன செய்தார்கள்? சமமற்ற நீளக் குழாய்களைத் தனியாக வாங்கி, காசு கொடுத்துப் பொருத்தினார்கள். பொறியாளர்கள் உழைத்துத் தீர்த்து வைத்த ஒரு குறையை, அதன் சத்தத்துக்காகத் திரும்ப விலைக்கு வாங்கினார்கள். சத்தமே சக்தி என்றால் இந்தக் கார் ஏன் சத்தம் குறைந்தபோது மேம்பட்டது?

போர்ஷேயின் கதை இன்னும் பிரபலம். 2016-இல் 718 கேமன் எஸ் காரில் ஆறு சிலிண்டர் என்ஜினை எடுத்துவிட்டு 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவை வைத்தார்கள். குரல் போய்விட்டது என்று விமர்சகர்கள் ஒரே குரலில் புலம்பினார்கள். குரல் போனது உண்மைதான். ஆனால் 325 குதிரைத்திறன் 350 ஆனது, முறுக்குவிசை 370 நியூட்டன் மீட்டரிலிருந்து 420-க்கு ஏறியது, பி.டி.கே. கியர்பாக்ஸும் ஸ்போர்ட் குரோனோவும் சேர்ந்தால் 0-100 கி.மீ. வேகத்துக்கு 4.7 வினாடி ஆனது 4.2-ஆகக் குறைந்தது. கேட்கச் சுமாரான கார், ஓட்டத்தில் முந்தியது. 2020-இல் ஆறு சிலிண்டர் ஜி.டி.எஸ். 4.0 திரும்பி வந்தபோது, பார்த்தீர்களா, சத்தம்தான் ஜெயித்தது என்றார்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். போர்ஷே குரலை மீட்டது குழாயை மாற்றி அல்ல, என்ஜினை மாற்றி. ஆறு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும், நான்கு சிலிண்டர் இரண்டு முறைதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைலன்சராலும் மூன்றாவது வெடிப்பை உண்டாக்க முடியாது. இருக்கிற இரண்டை உரக்கக் கேட்க வைக்கத்தான் முடியும்.

ஃபார்முலா ஒன்னிலும் இதே புலம்பல். 2014-இல் 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட் என்ஜின்கள் வந்ததும், சத்தம் இல்லாத பந்தயமும் ஒரு பந்தயமா என்றார்கள். அதே ஆண்டு மெர்சிடிஸ் அணி ஊதுகுழல் போல விரிந்த ஒரு எக்ஸாஸ்டைக்கூடச் சோதித்துப் பார்த்தது, பயனில்லை. அந்த 'ஊமை' என்ஜின் தலைமுறையில்தான், 2020-இல் மான்ஸாவில், மெர்சிடிஸ் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் மணிக்கு சராசரி 264 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்து, அலறிய வி10 காலத்தின் சாதனையையும் தாண்டினார்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபமூட்டுவது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'பட் பட்'டென்று வெடிக்க வைக்கும் ரீமேப். ராலி கார்களில் இதற்கு ஒரு காரணம் இருந்தது. திருப்பத்தில் டர்போ வேகம் இழக்காமலிருக்க, எக்ஸாஸ்டுக்குள்ளேயே எரிபொருளை எரித்து டர்பைனைச் சுழலவிட்டார்கள். டர்போக்கள் வெந்து போகும் என்று தெரிந்தே செய்தார்கள். சாலைக் காரில் அந்த வேலையே இல்லை, வெடிச்சத்தம் மட்டும்தான் இருக்கிறது. கால் எடுத்ததும் நிறுத்த வேண்டிய பெட்ரோலை நிறுத்தாமல் விட்டு, பற்றவைப்பதைத் தாமதப்படுத்தி, நெருப்பைக் குழாய்க்குள் அனுப்புகிறார்கள். கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் பீங்கான் உருகுவதும், வால்வும் டர்பைனும் சூட்டில் நோவதும் இதன் பின்விளைவு. இந்த ரீமேப்பை விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் இந்தப் பின்விளைவைச் சொல்வதில்லை.

இது தனிமனித ரசனை, யாருக்கென்ன நஷ்டம் என்பது அடுத்த வாதம். நஷ்டம் மற்றவர்களுக்குத்தான். மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்துச் சத்தத்தால் ஆண்டுதோறும் குறைந்தது 10 லட்சம் ஆரோக்கியமான வாழ்வாண்டுகள் பறிபோகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கணக்கிட்டது. கெட்ட தூக்கமும் இதய நோயும் அந்தக் கணக்கில் அடக்கம். இரவு நேரச் சாலைச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் அதே நிறுவனம் பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2022-இல் சத்தத்தை அளந்து நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் கருவிகளைச் சோதனைக்கு நிறுத்தியது. நம் நாட்டிலும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்ற வரம்பு 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கார் ஒரு தெருவைக் கடக்க சில நொடிகள் போதும். அந்த நொடிகளில் எழுந்து அழும் குழந்தையைத் திரும்பத் தூங்க வைக்க ஒரு தாய்க்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். ஓட்டியவர் அதற்குள் ஊரைத் தாண்டியிருப்பார். காவல்துறை பறித்த சைலன்சர்களை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைப் பார்த்து வருத்தப்படுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை.

என்ஜின் ஒலியில் அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆறு சிலிண்டர் உச்சிச் சுற்றுக்கு ஏறும்போது மயிர்க்கூச்செறியத்தான் செய்யும். அழகுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குங்கள். இரவில் மூடி வைக்கக்கூடிய வால்வு உள்ள, சட்ட வரம்புக்குள் நிற்கும் எக்ஸாஸ்டாகப் பார்த்து வாங்குங்கள். பந்தயத் தடத்துக்குப் போனால் எதுவும் செல்லும் என்றும் நினைக்க வேண்டாம்: கலிஃபோர்னியாவின் லகுனா செக்கா தடத்திலேயே ஒலி வரம்பு உண்டு, மீறினால் கறுப்புக் கொடி காட்டி வெளியே அழைத்துவிடுவார்கள். வேகம்தான் வேண்டும் என்றால் அதே பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் தடத்தில் ஒரு நாள் பயிற்சியும் கிடைக்கும். அதற்குப் பிறகும் சைலன்சரால் பவர் கூடும் என்று ஒரு கராஜ்காரர் சொன்னால், ரீமேப் இல்லாமல், அதே காரை, அதே பெட்ரோலில், அதே வெப்பநிலையில், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் டைனோவில் ஏற்றி எடுத்த இரண்டு தாள்களைக் கேளுங்கள். தாள் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.