கண்ணுக்கு மட்டுமா டைப் செய்கிறோம்?

எங்கள் ஊர் தேவாரம். அப்பா ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 2004ல் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், அவர் தன் மலை அனுபவங்களைச் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து வைத்தேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. "அதைக் கம்ப்யூட்டரையே வாசிக்கச் சொல்லுப்பா" என்றார்.

வாசிக்க வைத்தேன். "எம், கே, செமிகோலன், கே, ஹெச்" என்றது. பாமினி எழுத்துருவில் நான் அடித்த "அம்மா" அது! பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்து. யூனிகோடில் தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்கள் உண்டு. எனவே ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினேன்.

அடுத்த சிக்கல் நானே வைத்தது. வரிகளின் ஓரம் சீராக இருக்கட்டும் என்று ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்துச் சொற்களை உடைத்து ஹைபன் போட்டிருந்தேன். கம்பம் என்ற ஊர் "கம்-பம்" ஆகியிருந்தது. இதில் என்ன தவறு என்கிறீர்களா? கடல், தங்கம், அகல் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே "க"தான். ஒலி மூன்று விதம். தமிழில் வல்லின எழுத்தின் ஒலி, சொல்லில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஹைபன் போட்டு வெட்டினால் "பம்" தனிச் சொல்லாகிவிடுகிறது. "பல்" என்பதில் வரும் "ப" போல அதை அழுத்தி வாசிக்கிறது கம்ப்யூட்டர்.

ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரி முடிவில் சொல்லை ஹைபனால் பிரிப்பது மரபு. அசை எங்கே பிரிகிறது, முன்னொட்டு எங்கே முடிகிறது என்று பார்த்துப் பிரிப்பார்கள். தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் சொல்லின் பின்னால் சேர்பவை. நம் நாளிதழ்கள் ஹைபன் இல்லாமலேயே சொல்லை அடுத்த வரியில் தொடர்கின்றன. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது; அதுதான் முக்கியம். எனவே வீட்டில் டைப் செய்பவர்கள் சொல்லை உடைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வரியை மடிக்கும் வேலையை வேர்ட் புரோகிராமிடமே விட்டுவிடுங்கள். பழைய ஃபைல்களில் ஹைபன் இருந்தால் கன்ட்ரோல் + ஹெச் அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். எல்லாவற்றையும் மொத்தமாக நீக்கினால் தேவையான ஹைபனும் போய்விடும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஓர் இடத்தில் அப்பா சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்து ஊரான போடியை, பெண்பிள்ளையை விரட்டும் "போடி"யாக வாசித்தது. "ஏப்பா, இது யாரை விரட்டுது?" என்றார். எழுத்து ஒன்றேதான், ஊர்க்காரர் நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும். இதை இன்னும் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களே, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை யூனிகோடில் டைப் செய்து வையுங்கள். விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதில் தமிழும் உண்டு. டைப் செய்ததை ஒருமுறை கேட்டும் பாருங்கள். அப்பா இப்போது தினமும் இரண்டு பக்கம் கேட்கிறார். "போடி" வரும் இடத்தில் மட்டும் கம்ப்யூட்டரை அவர் திருத்துகிறார்.